குருதியில் இனம் உண்டா?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கிரேக்க நாட்டின் வடபகுதியில் உள்ள சலோனிக்கா துறைமுகம் ஒரு பெரும் போர்ப் பாசறையாக மாறியிருந்தது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், செர்பியர், ரஷ்யர் ஆகியோர் அங்கே முகாமிட்டிருந்தனர். ஐரோப்பியர் ஆண்ட நாடுகளிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட செனகல் நாட்டவரும், மடகாஸ்கர் தீவினரும், வியட்நாமியரும், இந்தியரும் அவர்களோடு இருந்தனர். உலக மக்களையெல்லாம் ஒரே ஊரில் யாரோ கூட்டி வைத்ததுபோல் இருந்தது.

செர்பியப் படைக்கு மருத்துவப் பணியாற்றிவந்த போலந்து நாட்டுத் தம்பதியர் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும் ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்டும் இந்த வாய்ப்பை நழுவவிடவில்லை. பதினாறு மக்கட் பிரிவுகளைச் சேர்ந்த 8,000-க்கும் மேற்பட்டவர்களின் குருதியைச் சோதித்து, அது எவ்வகை என்று குறித்துக்கொண்டனர். தோலின் நிறத்தாலும் முகத்தின் அமைப்பாலும் வேறுபட்டுத் தோன்றும் மனிதர் குருதியிலும் வேறுபடுகின்றனரா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

அவர்களின் ஆய்வு 1919-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அந்த விடையைச் சரியாகப் படித்துப் புரிந்துகொள்ள உலகிற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் தவறாகப் படித்தவர்களால் நேர்ந்த துன்பங்கள் பல.

இனம் என்பது எது?

தமிழில் 'இனம்' என்ற சொல்லுக்குப் பொருள் பல. பறவையினம் என்கிறோம், பெண்ணினம் என்கிறோம், ஒரு மொழி பேசும் மக்களையும் இனம் என்கிறோம். இவற்றில் எதுவும் இக்கட்டுரையின் பொருள் அன்று. மனிதர் பிறப்பிலேயே சில பெரும் பிரிவுகளாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒவ்வொரு பிரிவுக்கும் தனியான உடலமைப்பும், தனியான அறிவும், தனியான குணமும் உண்டு. அவை மாறாமல் வழிவழியாக வருகின்றன என்னும் கருத்து ஒன்று உலகில் நெடுங்காலமாக நிலவிவந்தது. அந்தக் கருத்தைத்தான் இங்கே ஆராயப்போகிறோம்.

உயிரியலார் கணக்கில் மனிதர் அனைவரும் ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவர்கள். உலகின் எந்த மூலையில் பிறந்த ஆணும் எந்த மூலையில் பிறந்த பெண்ணும் மணந்து மக்கட்பேறு பெறலாம். இதில் ஐயம் எதுவுமில்லை. அந்த ஒரே சிற்றினத்திற்குள் இயற்கையே கோடு கிழித்துப் பிரித்த உட்பிரிவுகள் உண்டா என்பதே கேள்வி.

மொழியையும் உடலையும் குழப்பிக்கொள்வதும் நெடுநாளைய பழக்கம். 'திராவிட' என்ற சொல்லைக் கால்டுவெல் 1856-இல் தம் நூலில் ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைநாட்டினார். 'ஆரிய' என்ற சொல்லும் மொழி நூலாரிடம் மொழிகளின் பெயரே. ஆரிய மண்டை ஓடு, ஆரியக் குருதி என்று பிறர் பேசத் தொடங்கியபோது, மொழிநூல் அறிஞர் மாக்ஸ் முல்லரே 1888-இல் அதை வன்மையாகக் கண்டித்தார். மண்டை ஓட்டிற்கு இலக்கணம் கிடையாது. மொழிக்குத் தோலின் நிறமும் கிடையாது.

மண்டை ஓடும் மூக்கும்

உயிர்களுக்கெல்லாம் பெயரிட்டு வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், மனிதரைக் கண்டத்திற்கு ஒன்றாக நான்கு வகைகளாகப் பிரித்தார். அத்தோடு நிற்கவில்லை. 1758-இல் வெளியான தம் நூலின் பத்தாம் பதிப்பில், ஐரோப்பியர் சட்டத்தின்படி நடப்பவர், ஆப்பிரிக்கர் மனம்போனபடி நடப்பவர் என்றெல்லாம் குணங்களையும் சேர்த்து எழுதினார். அளந்து பார்த்து எழுதியதன்று அது. அக்காலத்து ஐரோப்பியரின் எண்ணம் அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டது, அவ்வளவே.

அவருக்குப் பின் வந்த ஜெர்மானிய அறிஞர் புளூமென்பாக் 1795-இல் ஐந்து வகை என்றார். ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருத்தியின் மண்டை ஓடு மிக அழகாக அவர் கண்ணுக்குப் பட்டது. எனவே ஐரோப்பியருக்குக் காக்கசஸ் மலையின் பெயரைச் சூட்டினார். 'காக்கேசியர்' என்னும் பெயர் பரவியது இதனாலேயே. ஆயினும் தாம் வகுத்த ஐந்தும் ஒன்றோடொன்று சிறிது சிறிதாகக் கலந்து செல்கின்றன என்பதை அவரே ஒப்புக்கொண்டார். படித்தவர்கள் ஐந்து பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டனர். அவர் சொன்ன எச்சரிக்கையை மறந்துவிட்டனர்.

டார்வின் 1871-இல் எழுதிய நூலில் ஒரு வேடிக்கையான பட்டியல் உள்ளது. மனித இனங்கள் எத்தனை என்று அறிஞர்கள் கூறியவற்றை அவர் தொகுத்துத் தந்தார். ஒருவர் இரண்டு என்றார். இன்னொருவர் மூன்று என்றார். பிறர் ஐந்து, எட்டு, இருபத்திரண்டு என்றனர். அறுபத்து மூன்று என்றவரும் உண்டு. கையில் எத்தனை விரல் என்று கேட்டால் இப்படிப் பல விடைகள் வருமா? இயற்கை கிழித்த கோடாக இருந்தால் எண்ணிக்கையில் இத்தனை வேறுபாடு வருவதற்கு இடமில்லை.

பிறகு அளவுகோலும் இடுக்கியும் வந்தன. நம் நாட்டில் ஆங்கில அரசின் அதிகாரி ரிஸ்லி 1880-களில் மக்களின் மூக்கை அளக்கச் செய்தார். மூக்கின் அகலத்திற்கும் நீளத்திற்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே ஒருவரின் சாதி உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று அவர் கருதினார். 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவரும் அவரே. அவருடைய அளவுகளைப் பின்னாளில் புள்ளியியல் மேதை மகலனோபிஸ் ஆராய்ந்து திருத்த வேண்டியதாயிற்று.

மண்டை ஓட்டின் வடிவம் மாறாதது என்ற நம்பிக்கையை முதலில் அசைத்தவர் அமெரிக்க மானிடவியலார் ஃபிரான்ஸ் போவாஸ். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்கிற்குக் குடியேறியோரும் அவர்தம் மக்களுமாகச் சுமார் 18,000 பேரின் தலையை அவர் குழுவினர் அளந்தனர். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரின் தலை வடிவத்திலிருந்து சற்று மாறியிருந்ததை அவர் 1912-இல் வெளியிட்டார். மாற்றத்தின் அளவு எவ்வளவு என்பது பற்றி இந்நூற்றாண்டிலும் விவாதம் நடந்தது. ஆனால் உணவும் சூழலும் மாறினால் எலும்பும் ஓரளவு மாறும் என்பது தெளிவாயிற்று.

குருதி சொன்ன செய்தி

எலும்பு மாறலாம், குருதி வகை மாறாது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்த ஏ, பி, ஓ வகைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குத் திட்டமான விதிப்படி வருகின்றன. வெயிலாலோ உணவாலோ அவை மாறுவதில்லை. இதை நிலைநாட்டியவர்களுள் ஹிர்ஷ்ஃபெல்டும் ஒருவர். எனவேதான் இனத்தைக் கண்டறிய இதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை என்று அவர் கருதினார்.

சலோனிக்காவில் என்ன தெரிந்தது? ஆங்கிலேயரில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் ஏ வகையினர். பி வகையினர் 7 பேரே. இந்தியரில் இது தலைகீழ். பி வகையினர் சுமார் 41 பேர். ஏ வகையினர் 19 பேர். ஏ காரணி உடையோரின் தொகையைப் பி காரணி உடையோரின் தொகையால் வகுத்து ஓர் எண்ணை ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் கணக்கிட்டனர். ஆங்கிலேயருக்கு 4.5 வந்தது. இந்தியருக்கு 0.5 வந்தது. ஏ வகை ஐரோப்பாவிலும் பி வகை இந்தியாவிலும் தோன்றிப் பரவின என்றும், ஆதியில் இரண்டு இனங்கள் இருந்திருக்கலாம் என்றும் அவர்கள் ஊகித்தனர்.

ஆனால் பட்டியலைச் சற்று உற்று நோக்குவோம். வியட்நாமியருக்கும் 0.5 தான். செனகல் நாட்டவருக்கு 0.8. அரேபியருக்கும் ரஷ்யருக்கும் ஏறக்குறைய ஒரே எண். இந்த எண்ணை நம்பினால் இந்தியரும் வியட்நாமியரும் ஆப்பிரிக்கரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகின்றனர். கண்ணுக்குத் தெரியும் இனங்களும் குருதி காட்டும் இனங்களும் ஒத்துப்போகவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதுவே மிக முக்கியமானது. சோதித்த பதினாறு பிரிவுகளிலும் ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கு வகையினரும் இருந்தனர். வேறுபாடு விகிதத்தில் மட்டுமே. ஆங்கிலேயருக்கென்று ஒரு வகை, இந்தியருக்கென்று ஒரு வகை என எதுவும் அங்கு இல்லை.

இரண்டு இனக் கொள்கை எவ்வளவு தவறு என்பது பின்னர் வெளிவந்தது. சிம்பன்சியில் பெரும்பாலானவை ஏ வகை. கொரில்லா பி வகை. கிப்பன் குரங்கில் ஏ, பி இரண்டுமே உண்டு. இந்த மரபணுக்களை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, ஏ, பி வேறுபாடு குறைந்தது இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானது என்று காட்டியது. மனிதன் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மனித இனங்களைப் பிரிப்பதாக எண்ணிய கோடு, மனிதன் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே குரங்குகளிடையே இருந்த கோடு!

சலோனிக்கா மருத்துவமனையில் பி வகை ஆங்கிலச் சிப்பாய் ஒருவன் குருதி வடிந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஏ வகையினனான அவனது உடன்பிறந்தவனின் குருதி அவனைக் கொன்றுவிடக்கூடும். அடுத்த கட்டிலில் உள்ள பி வகை இந்தியச் சிப்பாயின் குருதி அவனைக் காப்பாற்றக்கூடும். இனத்தைப் பற்றிக் குருதி சொன்ன செய்தி இதுதான்.

கேட்கச் செவியில்லாதவர்கள்

இந்தச் செய்தி எல்லோர் காதிலும் விழவில்லை. 1926-இல் ஜெர்மனியில் குருதி வகைகளைக் கொண்டு இனங்களை ஆராயவே ஒரு கழகம் தோன்றியது. பின்னர் ஹிட்லரின் ஆட்சி வந்தது. 'ஜெர்மானியக் குருதியைக் காக்கும் சட்டம்' 1935-இல் இயற்றப்பட்டது. யார் யூதர், யார் யூதரல்லர் என்பதைச் சட்டம் எப்படி முடிவு செய்தது தெரியுமா? குருதியைச் சோதித்தல்ல. சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒருவரின் பாட்டன், பாட்டி எந்தச் சமயச் சபையில் இருந்தனர் என்ற பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்தனர். சட்டத்தின் பெயரில் குருதி இருந்தது. அதன் சோதனையில் குருதி இல்லை.

யூதக் குடும்பத்தில் பிறந்த ஹிர்ஷ்ஃபெல்டும் தப்பவில்லை. குருதியிலிருந்து இனத்தைப் படிக்க முயன்ற அம்மனிதர் 1941-இல் வார்சா நகரின் யூதர் அடைப்புப் பகுதிக்குள் தள்ளப்பட்டார். பசியும் தொற்றுநோயும் சூழ்ந்த அங்கேயும் அவர் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1943-இல் தப்பி வெளியேறிய அவர், போருக்குப் பின் மீண்டும் ஆய்வில் ஈடுபட்டு 1954-இல் மறைந்தார்.

ஹிட்லரை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்காவிலும் குருதிக்கு நிறம் பூசப்பட்டது. அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கருப்பர்களின் குருதியை ஏற்க மறுத்தது. 1942 முதல் ஏற்றது. ஆனால் தனிப் புட்டியில் தனியே வைத்தது. குருதியைச் சேமித்துக் காக்கும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சார்ல்ஸ் ட்ரூ என்னும் கருப்பர். இந்தப் பிரிவினைக்கு அறிவியல் ஆதாரம் எதுவுமில்லை என்று அவர் எடுத்துக் கூறினார். அம்முறை ஒழிய 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 1950-இல்தான் யுனெஸ்கோ அமைப்பு இனக் கொள்கையை மறுத்துத் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது.

நவதானிய மூட்டைகள்

அறிக்கை மட்டும் போதாது, கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை 1972-இல் போட்டவர் அமெரிக்க மரபியலார் ரிச்சர்ட் லெவான்டின். அதைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஏழு மூட்டைகளில் நவதானியம் நிரப்பப்பட்டிருக்கிறது. நெல், கோதுமை, துவரை, உளுந்து என்று ஒன்பதும் ஒவ்வொரு மூட்டையிலும் உண்டு. ஒன்றில் துவரை சற்று மிகுதி. மற்றொன்றில் உளுந்து சற்று மிகுதி. ஏழு மூட்டைகளிலும் உள்ள மொத்த வகை வேறுபாட்டில் எவ்வளவு பங்கு ஒரு மூட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது? எவ்வளவு பங்கு மூட்டைக்கு மூட்டை உள்ள வேறுபாட்டால் வருகிறது?

லெவான்டின், மக்களை ஏழு பெரும் பிரிவுகளாக வைத்துக்கொண்டு, குருதி வகைகள், குருதிப் புரதங்கள் முதலிய 17 மரபணுக்களுக்கு இக்கணக்கைப் போட்டார். மொத்த வேறுபாட்டில் 85.4 விழுக்காடு ஒரே மக்கள் தொகுதியைச் சேர்ந்தவர்களுக்குள்ளேயே இருந்தது. இன்னுமோர் 8.3 விழுக்காடு, ஒரே 'இனத்தை'ச் சேர்ந்த வெவ்வேறு மக்கள் தொகுதிகளுக்கிடையே இருந்தது. 'இனங்களுக்கு' இடையே எஞ்சியது 6.3 விழுக்காடே. அதாவது உங்களுக்கும் உங்கள் அடுத்த தெருக்காரருக்கும் உள்ள மரபு வேறுபாட்டோடு ஒப்பிட்டால், கண்டம் விட்டுக் கண்டம் இருப்பதால் கூடுதலாக வருவது மிகச் சிறிது.

பின்னர் வந்த ஆய்வுகளும் இதை மாற்றவில்லை. 52 மக்கள் தொகுதிகளைச் சேர்ந்த 1,056 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியான கணக்கில், 93 முதல் 95 விழுக்காடு வேறுபாடு தொகுதிகளுக்கு உள்ளேயே இருந்தது.

இங்கே அறிவுள்ள வாசகர் ஒருவர் தடை எழுப்பலாம். "எச்சிலைச் சோதித்து உன் முன்னோர் எந்தக் கண்டத்தவர் என்று இப்போது சொல்லிவிடுகிறார்களே, அது எப்படி?" நியாயமான கேள்வி. ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட்ஸ் 2003-இல் லெவான்டினுக்கு எதிராக எழுப்பிய தடையும் இதுவே. மூட்டைகளுக்கே திரும்புவோம். ஒரே ஒரு துவரையை எடுத்துக் கையில் கொடுத்தால் அது எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு படி அளந்து கொட்டி, ஒவ்வொரு தானியமும் எத்தனை என்று எண்ணினால் சொல்லிவிடலாம். அவ்வாறே ஆயிரக்கணக்கான மரபுக் குறிகளை ஒன்றாக எண்ணினால் ஒருவரின் முன்னோர் வாழ்ந்த பகுதியை ஊகிக்க முடிகிறது. எட்வர்ட்ஸ் சொன்னது சரி. லெவான்டினின் எண்களும் சரி.

அப்படியானால் இனம் உண்டு என்றாகுமா? ஆகாது. மூட்டைகள் ஏழல்ல, ஏழாயிரம் என்று கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து மூட்டைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. நூறு மைல் தள்ளிப் பார்த்தால் தெரியும். முதல் மூட்டையையும் கடைசி மூட்டையையும் அடையாளம் காணலாம். ஆனால் நடுவில் எங்கே கோடு போடுவது? எங்கே போட்டாலும் அது போட்டவரின் கோடுதான். 'முன்னோர் எங்கே வாழ்ந்தனர்' என்பது உண்மையான, அளக்கக்கூடிய செய்தி. 'இனம்' என்பது அதன்மீது நாம் வரைந்த கட்டம்.

நிறம் வந்த வழி

"கருப்பையும் வெளுப்பையும் கண்ணால் காண்கிறோமே!" என்பார் உண்டு. காண்பது பொய்யல்ல, அதிலிருந்து செய்யும் ஊகமே பொய். தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடை போன்றது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் கதிர் மிகுதி. அது தோலைத் துளைத்தால், கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் என்னும் சத்து அழிகிறது. எனவே அங்கே கருமை காப்பாயிற்று. வடநாடுகளில் கதிர் குறைவு. எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி தோலில் உண்டாக அந்தக் கொஞ்சக் கதிரும் உள்ளே புகவேண்டும். எனவே அங்கே வெண்மை உதவிற்று.

ஆதலால் நிறம் உறவைக் காட்டுவதில்லை, வெயிலைக் காட்டுகிறது. தென்னிந்தியர், ஆப்பிரிக்கர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர், பசிபிக் கடலின் சாலமன் தீவினர் ஆகியோர் நிறத்தில் ஒத்திருக்கின்றனர்; முன்னோர் வழியில் வெகுதொலைவினர். மாறாக, ஐரோப்பியரின் தோலை வெளுக்கச் செய்யும் முக்கியமான மரபணு மாற்றம் ஒன்று 2005-இல், வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டது. அதே மாற்றம் இந்தியாவிலும் ஏராளமானோரிடம் உள்ளது. சீனரின் வெளிர் நிறமோ பெரும்பாலும் வேறு மரபணுக்களால் வந்தது.

லண்டனில் கப்பலேறிச் செனகலில் இறங்கியவனுக்கு மனிதர் திடீரென்று மாறிவிட்டதாகத் தோன்றும். நைல் நதிக் கரையோரமாகக் கெய்ரோவிலிருந்து தெற்கே நடந்து செல்பவனுக்கு அப்படித் தோன்றாது. நிறம் மெல்ல மெல்ல மாறுவதையே அவன் காண்பான். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை இரயிலில் வந்தவர் இதை நன்கு அறிவர். எந்த நிலையத்தில் நிறம் மாறியது என்று அவரால் சொல்ல இயலுமா?

நிறத்தை விட்டு வேறு பண்பை எடுத்துக்கொண்டால் பிரிவுகளும் வேறாகிவிடுகின்றன. வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் ஆற்றலைக் கொண்டு பிரித்தால், ஸ்வீடன் நாட்டவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்க்கும் ஃபுலானி மக்களும் ஓரணியில் நிற்பர். சீனர் எதிரணியில் நிற்பர். உலகிலேயே மரபு வேறுபாடு மிகுந்த கண்டம் ஆப்பிரிக்கா. மனிதன் தோன்றியதும் நெடுங்காலம் வாழ்ந்ததும் அங்கேதான். மற்றக் கண்டத்தினர் எல்லாம் அங்கிருந்து ஐம்பது, அறுபது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய சிறு கூட்டத்தாரின் வழிவந்தவர்கள். அந்த ஆப்பிரிக்கர் அனைவரையும் 'ஓர் இனம்' என்று ஒரே பெட்டியில் போட்டதுதான் இனக் கொள்கையின் பெரிய பிழை.

உலகெங்கும் 26 மக்கள் தொகுதிகளைச் சேர்ந்த 2,504 பேரின் முழு மரபுத் தொகுதியையும் படித்து 2015-இல் ஒரு பெரும் ஆய்வு வெளியாயிற்று. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் அந்த 26-இல் ஒரு தொகுதியினர். மரபுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம் போன்றது. மாதிரியாக வைத்த ஒரு படியோடு ஒப்பிட்டபோது, ஒவ்வொருவரின் படியும் 41 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபட்டது. எல்லாருமே வேறுபட்டனர். மிகுதியாக வேறுபட்டோர் ஆப்பிரிக்க வழியினர்.

அரிவாள் வடிவ அணு

இனம் பற்றிய பிழை ஏட்டுப் பிழையோடு நிற்பதில்லை. நோயாளியின் கட்டில்வரை வருகிறது. கதிர் அரிவாள் இரத்தசோகை இதற்குச் சான்று. ஹீமோகுளோபின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிவிடுவதால் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து, நுண்குழாய்களை அடைக்கின்றன. தாங்க முடியாத வலி வருகிறது. 1910-இல் சிகாகோ நகரில் கருப்பின மாணவர் ஒருவரிடம் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், 'கருப்பர் நோய்' என்றே முத்திரை குத்தப்பட்டது. வெள்ளையர் ஒருவரிடம் காணப்பட்டால், அவருக்குக் கருப்பர் உறவு இருக்கவேண்டும் என்றுகூட மருத்துவர்கள் எண்ணினர்.

உண்மை வேறு. இந்த மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதை ஆலிசன் என்பவர் 1954-இல் காட்டினார். எனவே மலேரியா கொசு வாழ்ந்த நாடுகளில் இது நிலைத்தது. கிரேக்க நாட்டின் ஓர்கோமெனோஸ் பகுதியில் இது மிகுதி. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் இது அரிது. நம் நீலகிரிப் பகுதியின் பணியர், இருளர் முதலிய பழங்குடியினரிடம் இது உள்ளதை 1952-இலேயே லேமன், கட்புஷ் இருவரும் கண்டறிந்தனர். இந்தியாவின் பழங்குடி மக்களிடையே இந்நோயை ஒழிக்க 2023 ஜூலையில் மைய அரசு தனித் திட்டமே தொடங்கியது. 'கருப்பர் நோய்' என்று எண்ணிக்கொண்டிருக்கும் மருத்துவர், தம் முன் வலியால் துடிக்கும் நீலகிரிச் சிறுவனின் நோயை எப்படிக் கண்டறிவார்?

சிறுநீரகக் கணக்கு

இது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் குருதியிலுள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சூத்திரத்தால் கணக்கிடுவர். அமெரிக்காவில் முன்னர் வகுத்த ஒரு சூத்திரத்தில், நோயாளி கருப்பரானால் விடையை 21 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. 2009-இல் வந்த சூத்திரம் அதை 16 விழுக்காடாக்கியது. கருப்பருக்குத் தசை மிகுதி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாற்றுச் சிறுநீரகத்திற்கான காத்திருப்புப் பட்டியலில் காலம் கணக்காகத் தொடங்க அந்த எண் 20-க்கு மேற்படக் கூடாது. ஒருவரின் எண் 18. வெள்ளையரானால் அவருக்கு அன்றே காலக் கணக்கு தொடங்கிவிடும். கருப்பரானால் 18-ஐ 16 விழுக்காடு கூட்ட, ஏறத்தாழ 21 ஆகிறது. "இன்னும் காலம் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுவர். சிறுநீரகம் ஒன்றுதான், கிரியேட்டினினும் ஒன்றுதான். நிறம் பற்றிய கட்டத்தில் போட்ட ஒரு குறி அவரைப் பல மாதங்கள் பின்னே தள்ளிவிட்டது. 2021-இல் அந்தக் குறியை நீக்கிப் புதிய சூத்திரம் வந்தது. முன்னர் இதனால் பின்தள்ளப்பட்டவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரும்படி 2023-இல் மருத்துவமனைகளுக்கு ஆணையும் இடப்பட்டது. அதற்குள் இறந்துபோனவர்களுக்கு எந்தத் திருத்தமும் பயன்படாது.

நம் வீட்டுச் செய்தி

சாதியும் ஓர் இனம்தானோ என்ற ஐயம் நம்மிடையே எழலாம். ஹைதராபாத்தின் மரபியல் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2009-இலும் 2013-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. இந்தியப் பெருநிலத்து மக்கள் ஏறத்தாழ எல்லாருமே, உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் எல்லாருமே, ஒரே பழைய மக்கள் கூட்டங்கள் கலந்ததால் வந்தவர்கள். கலப்பின் அளவுதான் கூடிக் குறைகிறது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் முதல் 1,900 ஆண்டுகள் வரையிலான காலத்திற்கு முன் அந்தக் கலப்பு பரவலாக நடந்தது. அதன் பின்னரே அகமண முறை இறுகியது. முதலில் கலந்தோம், பிறகு கதவடைத்துக்கொண்டோம்.

கதவடைத்ததற்கு ஒரு விலையும் உண்டு. சிறு வட்டத்திற்குள்ளேயே மணம் செய்தால், தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே பழுதுபட்ட மரபணு பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. நெருங்கிய உறவில் மணம் முடிப்போர் இதை அறிந்திருத்தல் நன்று. இது இனத்தால் வரும் நோயன்று. குறுகிய வட்டத்தால் வரும் நோய்.

ஆகவே மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி "நீ என்ன இனம்?" என்பதன்று. "உன் பெற்றோருக்கு என்ன நோய் இருந்தது? அவர்கள் உறவு முறையா? முன்னோர் எந்த ஊர்?" என்பவையே பயனுள்ள கேள்விகள். வேறுபாடுகள் இல்லை என்று அறிவியல் சொல்லவில்லை. மனிதருக்கு மனிதர் லட்சக்கணக்கான வேறுபாடுகள் உள்ளன என்றே சொல்கிறது. அவற்றை நான்கு பெட்டியிலோ ஐந்து பெட்டியிலோ அடைக்க முடியாது என்றும் சொல்கிறது. இனம் உயிரியலில் இல்லை என்பதால் இனவெறி உலகில் இல்லை என்றாகாது. புட்டியைப் பிரித்து வைத்ததும் மனிதரை அடைத்து வைத்ததும் நடந்த நிகழ்ச்சிகளே.

அடுத்த முறை குருதிக் கொடை முகாமுக்குச் செல்லும்போது, அங்கே வைத்திருக்கும் பைகளைப் பாருங்கள். அவற்றின்மீது ஏ, பி, ஏபி, ஓ என்று எழுதியிருக்கும். கொடுத்தவரின் நிறமோ, சாதியோ, சமயமோ எழுதியிருக்காது. பெறுபவரின் உடலுக்கு அவை தேவையும் இல்லை.